பழைய வண்டிக்கு மாற்று இன்ஜின்: ஆர்.சி.யில் தொடங்கும் வேலை

திருவண்ணாமலையில் பழைய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆசிரமங்களுக்கு வருகிறவர்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏற்றிச் சென்று ஓய்ந்த அம்பாசிடர்கள், ஜவ்வாது மலைப் பாதையில் தேய்ந்த மஹிந்திரா ஜீப்புகள், வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய பிரீமியர் பத்மினிகள் என்று தேடினால் கிடைக்கும். பாடி நன்றாக இருக்கும். இன்ஜின் புகை கக்கும், அல்லது இன்ஜினே இருக்காது. இப்படி ஒன்றை வாங்கிச் செங்கம் சாலையிலோ போளூர் சாலையிலோ ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்து வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணே, இதுக்கு என்ன இன்ஜின் போடலாம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. வண்டியின் ஆர்.சி. எதை அனுமதிக்கிறது என்பது முதல் கேள்வி. எந்தக் கியர்பாக்ஸ் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் இன்ஜின் எது என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். வரிசையை மாற்றித் தொடங்கிய வண்டிகள்தான் பாதி வேலையில் பட்டறை ஓரம் ஒதுங்குகின்றன. இதற்கான சான்றுகளைப் பட்டறைகளில் மட்டுமல்ல, இந்தியாவின் பெரிய கார் தொழிற்சாலைகளின் வரலாற்றிலும் பார்க்கலாம்.

இன்ஜின் மாற்றம் என்பது ஏதோ சில ஆர்வக்காரர்களின் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. லைசென்ஸ் காலத்தில் அது தொழிற்சாலைகளின் அன்றாட வேலை. புதிய காரை வடிவமைக்கப் பணமோ அனுமதியோ இல்லாத நிறுவனங்கள் பழைய பாடிக்குள் வேறு இன்ஜினை வைத்தே பல பத்தாண்டுகளைக் கடத்தின. அம்பாசிடர் 1957-இல் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தபோது அதற்குள் இருந்தது 1476 சிசி சைடு வால்வு இன்ஜின். இரண்டே ஆண்டில் அதைக் கழற்றிவிட்டு பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசை 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜினைப் பொருத்தினார்கள். 1980 வாக்கில் அதே 1489 சிசி அளவில் டீசல் வந்தது. வெறும் 37 குதிரைத்திறன். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுஸு 1817 சிசி பெட்ரோல் இன்ஜின் வந்தது, 75 குதிரைத்திறன். பாடியில் பெரிய மாற்றமில்லை. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நிற்கும் வரை ஊர்க்காரர்கள் அதை அதே அம்பாசிடராகத்தான் பார்த்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இசுஸு மாற்றம். அந்த இன்ஜின் தனியாக வரவில்லை. ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸும் உடன் வந்தது. ஸ்டியரிங் தண்டை ஒட்டியிருந்த கியர் லீவர் தரைக்கு இறங்கியது. இதே பாடத்தைக் காண்டஸாவும் கற்றது. 1984-இல் வந்த அந்தப் பெரிய காருக்குள் முதலில் வைத்தது அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினைத்தான். பார்க்கக் கம்பீரம், ஏற்றத்தில் மூச்சிரைப்பு. இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஒன்றாகப் பொருத்தப்பட்ட பிறகுதான் காண்டஸாவுக்கு இன்றுவரை நிலைக்கும் பெயர் கிடைத்தது. பம்பாயில் பிரீமியர் நிறுவனமும் 1985-இல் இதைத்தான் செய்தது. ஃபியட் 124-இன் பாடிக்குள் நிசானின் ஏ12 என்ற 1171 சிசி இன்ஜினை வைத்து, நிசானின் கியர்பாக்ஸையே சேர்த்து, 118என்.இ. என்று விற்றது.

மஹிந்திராவின் கதை சற்று வேறு. ஜீப்புக்கு டீசல் வேண்டும் என்று 1979-இல் பிரான்ஸின் பியூஜோவிடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2112 சிசி டீசல் இன்ஜினுக்கு உரிமம் வாங்கியது. நான்கு கியர் கொண்ட கியர்பாக்ஸுக்காகக் கொரியாவின் கியாவிடம் உரிமம் வாங்கியது 1982-இல். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மூன்றாண்டு இடைவெளி. மெதுவாகச் சுழன்று அதிகம் இழுக்கும் டீசலுக்குப் பெட்ரோல் காலத்து மூன்று கியர் போதாது என்பதை இந்தத் தேதிகளே சொல்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாத உதாரணம் ஸ்டாண்டர்டு 2000. சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1960களில் ஹெரால்டையும் 1970களில் கெசலையும் செய்த நிறுவனம். 1985-இல் அது பெரிய கனவு ஒன்றைக் கண்டது. பிரிட்டனில் 1976-இல் 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு அறிமுகமாகி, 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த கார் விருதை வென்ற ரோவர் எஸ்.டி.1-இன் பாடி சென்னைக்கு வந்தது. வி8 வரவில்லை. அதன் இடத்தில் அமர்ந்தது 1991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். 1940களின் இறுதியில் வெளிவந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வம்சம், இங்கே வேன்களில் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 83 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு அந்தக் கனத்த பாடியை இழுக்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் பாய்வதற்காக வரையப்பட்ட கார் லாரிகளை முந்தவே திணறியது. பெட்ரோல் குடிப்பதில் மட்டும் தாராளம். 1988-இல் உற்பத்தி நின்றது, நிறுவனமும் எழவில்லை. கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியச் சாலைகளில் இல்லை. கையிருப்பு இன்ஜினில் தொடங்கும் தனிமனிதர் செய்வதும் இதையேதான்; அளவுதான் சிறிது.

தொழிற்சாலைகளுக்கு இணையாகப் பட்டறைகளும் 1980களிலும் 1990களிலும் இதே வேலையைச் செய்தன. காரணம் எளிது. டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவு; வாடகைக்கு ஓடும் பெட்ரோல் காரை டீசலாக்கிவிட்டால் மாதச் செலவு பாதியாகும் என்று கணக்குப் போட்டார்கள். மெட்டடார் வேனில் ஓடிய மெர்சிடீஸ் வடிவமைப்பு டீசல் இன்ஜின்களும் பெர்கின்ஸ் இன்ஜின்களும் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இடம் மாறின. ஓடவும் செய்தன. ஆனால் கனமான வார்ப்பிரும்பு டீசலைத் தாங்க முன் ஸ்பிரிங் தாழ்ந்தது, ஸ்டியரிங் கனத்தது, பிரேக் பழையபடியே இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கிய பிறகு அந்த மாற்றத்துக்கான பணக் காரணம் கரைந்துவிட்டது. இன்றைக்கு இன்ஜின் மாற்ற நினைப்பவர் ஆசைக்காகவோ, உதிரிபாகம் கிடைக்காத கஷ்டத்துக்காகவோ நினைக்கிறார்.

இன்ஜினைத் தொடாமலே பிழைத்த ஊர் ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோரிஸ் மைனர்களும் ஆஸ்டின் ஏ40களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலை விட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து இன்ஜின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது முடிந்தது. புதிய இன்ஜினில் முடிந்திருக்காது. பழைய இன்ஜினைக் கழற்றி எறியும் முன் அது எதையெல்லாம் தாங்கியது என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. ரீபோர் செய்து, ஹெட்டைச் சீவி, வால்வு சீட்டைத் தீட்டினால் இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய இன்ஜின்கள் பல பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

இனி ஆர்.சி. விஷயம். இதைத்தான் பெரும்பாலோர் கடைசியில் பார்க்கிறார்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2000-இல் திருத்தப்பட்ட பிறகு அது கறாராகப் பேசுகிறது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்துவதற்கு விதிவிலக்கு உண்டு. அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினைக் கொண்டு மாற்றுவதைச் சட்டம் தனியாகப் பேசுகிறது. மாற்றம் நடந்தால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்கிறது. வண்டி பைனான்ஸில் இருந்தால் பைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்ற மாநில விதிகளைக் காட்டி அனுமதி கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

திருவண்ணாமலையில் டி.என். 25 எண்ணோடு ஓடும் ஒரு பத்மினிக்கு இதன் பொருள் என்ன? அதற்குள் டொயோட்டா இன்ஜினை வைத்துக் கிரிவலப் பாதையைச் சுற்றி வருவது சட்டப்படி முடியாது. பதினைந்து ஆண்டு முடிந்த தனியார் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு வைத்துப் பார்ப்பார். அங்கே ஒரு எழுத்து மாறினாலும் வண்டி நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் அதே நம்பரைத்தான் கேட்கும். மூன்றாம் நபருக்கு ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீட்டைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட நேர்ந்தால் வண்டியோடு வீடும் போகும். இது பயமுறுத்தல் இல்லை. திட்டம் போடும்போதே எழுதி வைக்க வேண்டிய செலவு.

மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும்; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் பதிவான ஒரு ஹெரால்டோ பத்மினியின் முன்னோடியான ஃபியட் 1100-ஓ இன்று இந்த வரிசைக்குள் வந்துவிட்டது. அதன் அசல் இன்ஜினை எடுத்துப் போட்டவர் இந்தக் கதவைத் தன் கையாலேயே அடைக்கிறார். அத்தகைய வண்டிக்கு அசல் இன்ஜினைச் செப்பனிடுவது ஒன்றே சரியான வழி.

அப்படியானால் முதல் முறை மாற்ற நினைப்பவருக்கு என்ன மிச்சம்? அதே கம்பெனி, அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றுவது முதல் வழி. அந்த மாடலையே தொழிற்சாலை வேறு இன்ஜினோடும் விற்றிருந்தால், உதாரணமாக 1489 சிசி அம்பாசிடரில் இசுஸு பொருத்துவது போல, ஒரு சாமான் வாங்கும் முன் அலுவலகத்தில் மனு கொடுத்து விடையை எழுத்தில் வாங்க வேண்டும்; வாய்வார்த்தையை நம்பக் கூடாது. மின்சாரத்துக்கு மாறுவது மூன்றாவது வழி. ஏ.ஐ.எஸ். 123 என்ற தரவிதிப்படி சோதிக்கப்பட்ட கிட்டைத்தான் பொருத்த முடியும், ஒப்புதலும் வண்டி வகைக்கு வகை தனித்தனி. கடைசியாக, சாலைக்கே வராத வண்டி: சொந்த நிலத்திலும் பந்தயத் தடத்திலும் ஓடுவது, லாரியில் ஏறிப் போய் லாரியில் திரும்புவது.

அந்தக் கடைசி வழியில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. கோவையின் எஸ்.கரிவரதன் 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்தது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அதோடு ஒட்டிய ஒரே தொகுப்பு. முன்சக்கரத்தை ஓட்டிய அந்தத் தொகுப்பு அப்படியே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பின்சக்கரத்தை ஓட்டியது. நீண்ட ஷாஃப்ட் வேண்டாம், அடாப்டர் வேண்டாம், உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த கார் பந்தயத்துக்குள் ஒரு தலைமுறை இளைஞர்கள் நுழைந்தது இந்தக் காரில்தான். நாராயண் கார்த்திகேயனும் அவர்களில் ஒருவர். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்ஜின் மாற்றத்தில் அவருடைய புத்தி முழுவதும் எதைப் பிரிக்காமல் விடுவது என்பதில் இருந்தது.

பிரித்தால் என்ன ஆகும் என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி இன்ஜினும் வேறு கம்பெனி கியர்பாக்ஸும் பட்டறைத் தரையில் எதிரெதிரே கிடக்கின்றன. இரண்டையும் சேர்ப்பது பெல் ஹவுசிங் என்ற அலுமினியக் கூடு. அதன் போல்ட் துளைகள் இன்ஜினின் பின்முகத்தோடு பொருந்தவில்லை. மெக்கானிக் ஒரு தடித்த அட்டையை எடுத்து இன்ஜின் முகத்தில் வைத்து, கேஸ்கெட் வெட்டுகிற முறையிலேயே சுத்தியலின் உருண்டை முனையால் ஓரங்களைத் தட்டுகிறார். துளைகளின் அச்சு அட்டையில் விழுகிறது. மறுபக்கம் கியர்பாக்ஸ் முகத்துக்கும் அப்படியே. இரண்டு அச்சையும் சேர்த்து லேத் பட்டறைக்குக் கொடுத்தால் நடுவில் வைக்கும் இரும்பு அடாப்டர் தட்டு தயாராகும்.

போல்ட் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிராங்கில் டயல் கேஜைப் பொருத்திக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பெல் ஹவுசிங்கின் வட்டத் துளையை முள் எப்படி வாசிக்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்த அசைவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து, அதாவது 0.13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் பட்டறைகள் வைத்திருக்கும் அளவுகோல். அட்டையும் சுத்தியலும் இந்தத் துல்லியத்தைத் தராது. டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. மையம் விலகினால் அன்றைக்கே தெரியாது. கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கும், ஓட்டத்தில் கியர் தானாக வெளியே குதிக்கும், சில மாதங்களில் இன்புட் பேரிங் இரைச்சல் போடும். அப்போது எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

அடாப்டர் தட்டின் தடிமனும் கணக்குக் கேட்கும். தட்டு 12 மில்லிமீட்டர் என்றால் கியர்பாக்ஸ் அவ்வளவு பின்னால் தள்ளிப் போகிறது. இன்புட் ஷாஃப்டின் நுனி கிராங்கின் பின்முனையில் உள்ள பைலட் புஷ்ஷுக்குள் அமர வேண்டும், இப்போது எட்டாது. லேத்தில் வெண்கலத்தில் நீளமான புஷ் கடைந்து போட வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு எஜமானர்கள்: அதன் விட்டம் இன்ஜினின் பிரஷர் பிளேட்டுக்குப் பொருந்த வேண்டும், நடுவிலுள்ள பல் கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். ஒரு பிளேட்டின் நடுப்பகுதியை இன்னொரு பிளேட்டில் ரிவெட் அடித்துத் தரும் கிளட்ச் கடைகள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம், அதன் பல் ஃப்ளைவீல் ரிங்கோடு பொருந்துமா, ரிலீஸ் பேரிங்கை இழுப்பது கேபிளா ஆயிலா என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு இருக்கிறது. முதல் முறை செய்பவர் இவை அத்தனையையும் ஒரே வண்டியில் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரே வண்டியிலிருந்து இறங்கிய இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜோடியாகக் கிடைத்தால் இந்தப் பகுதி முழுவதும் மறைந்துவிடுகிறது.

ஜோடி கிடைத்த பிறகும் டிஃபரன்ஷியல் காத்திருக்கும். ஒரு கணக்கு. பின்சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.9 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று சுற்றும். டாப் கியர் நேரடி விகிதம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,270 சுற்று சுற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜினுக்கு இது இயல்பு. 4,000-ஐ நெருங்கினாலே கத்தும் பழைய டீசலுக்கு இது வேதனை. 0.85 விகித ஐந்தாவது கியர் இருந்தால் அதே வேகத்தில் 2,780 போதும். மஹிந்திரா ஜீப்காரர்கள் ஐந்து கியர் கொண்ட பி.ஏ.10 பெட்டியைத் தேடி அலைவதன் காரணம் இந்த எண்தான். கிரவுன், பினியனை மாற்றி விகிதத்தைக் குறைப்பது இன்னொரு வழி. ஆனால் அப்படிச் செய்தால் மலை ஏறும் முதல் கியரும் சேர்ந்தே பலவீனமாகும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போடாமல் இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

குறுக்குவாட்டு இன்ஜின்களைப் பற்றி ஒரு சொல். ஸ்விஃப்ட்டிலும் இன்டிகா விஸ்டாவிலும் ஓடிய 1248 சிசி ஃபியட் டீசல் எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதன் கியர்பாக்ஸ் முன்சக்கரத்துக்கானது. அம்பாசிடரின் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்டோடு அதற்கு எந்த உறவும் இல்லை. இன்ஜின் நீளவாட்டில் அமர்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் மாருதி ஈக்கோ, கிப்ஸி போன்ற வண்டிகளின் தொகுப்புதான் பழைய பின்சக்கர வண்டிகளுக்கு இயல்பாக ஒத்துப்போகும்.

சாமான் வாங்கச் சென்னைப் புதுப்பேட்டைக்கோ கோவை உக்கடத்துக்கோ போகிறவர்கள் இன்ஜினை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். பில், அந்த இன்ஜின் இறங்கிய வண்டியின் ஆர்.சி. நகல், பதிவு ரத்தான சான்று இவை இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் நம்பர் தன் வண்டிக்குள் வந்து அமர்வதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் என்றால் ஈ.சி.யு., வயரிங் முழுவதும், சென்சார்கள், ஆக்சிலரேட்டர் பெடல், சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இம்மொபிலைசர் உள்ள மாடலில் சாவி மாறினால் இன்ஜின் உயிர் பெறாது. வயரை வெட்டிக் கொடுக்கும் கடைக்காரரிடம் வெட்டாமல் வாங்குவதற்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் அது லாபமே.

பொருத்தும் கட்டத்தில் வெல்டிங்குக்கு அவசரப்படக் கூடாது. செயின் பிளாக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகத் தொங்க, முதலில் வெறுமனே இறக்கிப் பார்க்க வேண்டும். ஆயில் சம்ப் முன் கிராஸ் மெம்பரில் இடிக்கிறதா, ஸ்டியரிங் ராடு சைலன்சரைத் தொடுகிறதா, பானெட் மூடுகிறதா, கியர் லீவர் துளைக்கு நேரே வருகிறதா என்று பார்த்த பிறகே மவுண்டிங் இடத்தைக் குறிக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்தால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது. அதன் இரு முனையிலும் உள்ள யூ ஜாயின்ட் கோணங்கள் சமமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருக்கைக்கு அடியில் அதிர்வு கிளம்பும். இன்ஜின் மவுண்டிங்கை ஒரு அங்குலம் உயர்த்தி வைத்துவிட்டு அதிர்வுக்குக் காரணம் தேடி டயர் மாற்றியவர்கள் பலர்.

பிரேக்கைத் தள்ளிப்போடக் கூடாது. நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டியில் முன்னைப் போல் இருமடங்கு திறன் வைத்தால் நிற்பதற்கும் வழி செய்ய வேண்டும். டீசலுக்கு மாறினால் பூஸ்டருக்கு வேண்டிய வாக்யூம் இன்டேக்கிலிருந்து கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வாக்யூம் பம்ப் வேண்டும். ரேடியேட்டர், பெட்ரோல் பைப்பின் ரிட்டர்ன் லைன், ஸ்பீடோ மீட்டர் கேபிள் இவை சிறு வேலைகள்தான். ஆனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவை இந்தச் சிறு வேலைகளே.

ஓட்டிப் பார்க்கத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்த வண்டி என்றால் கூட்டமில்லாத நாளின் மத்தியானத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மெதுவாகப் போய்வரலாம். இரண்டாவது கியரில், காற்று அடிக்காத வேகத்தில், கோடை வெயிலில் ரேடியேட்டர் தாங்குகிறதா என்று அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். அடுத்தது போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் வழுக்குகிறதா, கியர் குதிக்கிறதா, இறங்கும்போது பிரேக் சூடேறி மிதி கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். இதே மாவட்டத்தில் செய்யாறு அருகே 454 ஏக்கரில் மஹிந்திரா 2021-இல் திறந்த எஸ்.யு.வி. சோதனைத் தடத்தில் பொறியாளர்கள் பார்ப்பதும் இந்த வகைக் கேள்விகளைத்தான். அங்கே கருவிகள் பதிவு செய்கின்றன, இங்கே ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு வெள்ளைத் துணி வழியே வடிகட்ட வேண்டும். நுண்ணிய சாம்பல் பூச்சு இருந்தால் இயல்பு. கையில் உரசும் துகள் இருந்தால் பெல் ஹவுசிங்கின் மையத்தைத் திரும்ப அளக்க வேண்டும். மவுண்டிங், பெல் ஹவுசிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்க வேண்டும். புது இன்ஜின் நம்பர் ஏறிய ஆர்.சி.யின் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்து, பாலிசியிலும் அந்த நம்பர் ஏறியதா என்று வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.